நயாகராவுக்கு எந்தப் பக்கத்தால் வந்தீர்கள்?

கனடாவுக்குப் போகும் தமிழருக்கு நயாகரா ஒரு கடன். கலியாணத்துக்குப் போயிருந்தாலென்ன, செத்தவீட்டுக்குப் போயிருந்தாலென்ன, எட்டுச் செலவு முடிந்த கையோடு யாரோ ஒரு மருமகன் வானைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "நயாகரா பாத்திட்டீங்களோ?" என்று கேட்பார். இல்லையென்றால் அன்றே போகவேண்டும். பார்த்தாயிற்று என்றாலும் போகவேண்டும், இந்த முறை இரவு வெளிச்சத்தில் பார்ப்பதற்கு. சேலைக்கு மேலே சிவப்புப் பொலித்தீன் மழையங்கியைப் போட்டுக்கொண்டு, முகத்தில் சாரலடிக்க, கண்ணை இறுக்கி மூடியபடி நிற்கும் பெரியம்மாவின் படம் இல்லாத புலம்பெயர் வீட்டை நான் இன்னும் கண்டதில்லை.

நமது சஞ்சிகைகளும் இந்தக் கடனைத் தவறாமல் அடைத்து வந்திருக்கின்றன. பயணக் கட்டுரை என்றால் நயாகரா. அதில் இரைச்சல் வரும், வானவில் வரும், துன்ஹிந்தவோடு அல்லது குற்றாலத்தோடு ஓர் ஒப்பீடு வரும், இயற்கையின் முன் மனிதன் எவ்வளவு சிறியவன் என்ற வாக்கியம் கடைசிப் பந்தியில் கட்டாயம் வரும். எழுதுகிறவர் மாறுவார், கட்டுரை மாறாது. இந்தக் கட்டுரைகளில் வராத ஒரு சொல் உண்டு. எல்லை. நயாகரா இரண்டு நாடுகளின் நடுவே விழுகிறது என்பதைத் தகவலாகச் சொல்வார்கள், "அமெரிக்கப் பக்கத்தை விடக் கனடாப் பக்கம்தான் வடிவு" என்று தீர்ப்பும் சொல்வார்கள். உலகத்தில் எங்கெங்கோ எல்லைகளில் படுத்து, ஒளித்து, நனைந்து, திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி வந்து சேர்ந்த ஒரு சனம், உலகத்தின் மிகப் பிரபலமான எல்லைகளில் ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு வானவில்லைப் பற்றி மட்டும் எழுதுவது எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்பது மரியாதைக்குச் சொல்வது. நன்றாகவே விளங்குகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற யூலையில் மனைவியின் மூத்த அண்ணருடைய மகளுக்கு ரொறன்ரோவில் கலியாணம். மெல்பேர்ணிலிருந்து பதினொரு பேர் போகிறோம். கிளென் வேவர்லியில் எங்கள் வீடுதான் திட்டமிடும் அலுவலகம், என் மனைவிதான் தலைமைச் செயலாளர். வட்ஸ்அப்பில் ஒரு குழு திறந்தாயிற்று. கலியாணத்தைப் பற்றிய செய்திகளைவிட நயாகராவைப் பற்றிய செய்திகள்தான் அதில் அதிகம். எந்த நாள் போவது, எத்தனை வான், ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா.

இளசுகளுக்கு இரண்டு பக்கமும் வேண்டும். கனடாப் படகில் ஏறினால் சிவப்பு மழையங்கி, அமெரிக்கப் படகில் ஏறினால் நீல மழையங்கி. இரண்டு படகும் ஒரே மடுவில்தான் சுற்றுகின்றன, இரண்டிலும் நனைக்கிற தண்ணீர் ஒன்றுதான். ஆனால் இரண்டு நிறத்திலும் படம் வேண்டுமாம். அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு இருக்கிறது, என்ன தடை? கனடாவுக்குப் பறக்க இணையத்தில் 7 கனடிய டொலர் கட்டி ஓர் அனுமதி, ஐந்து வருஷத்துக்குச் செல்லும். அமெரிக்காவுக்குள் கால்வைக்க எஸ்ரா என்ற இன்னோர் அனுமதி. 21 அமெரிக்க டொலராக இருந்தது, 2025 செப்டெம்பர் கடைசியில் 40 ஆக ஏற்றிவிட்டார்கள். அதைக் கட்டிவிட்டால் 1941இல் திறந்த ரெயின்போ பாலத்தின்மேல் ஐஸ்கிறீமை நக்கிக்கொண்டு நடந்தே ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்குப் போய்விடலாம். அமெரிக்க அருவியை முழுதாகப் பார்க்கக் கனடாவில் நிற்கவேண்டும் என்பது அந்த இடத்தின் ஒரு பகிடி. அதுவும் குழுவில் பேசப்பட்டது.

அந்தக் குழுவில் மனைவி இன்னொருவனையும் சேர்த்திருந்தாள். அவளுடைய சின்னம்மாவின் மகன். தம்பி. எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போகக்கூடிய டன்டினோங்கில் இருக்கிறான். கலியாணப் பெண்ணுக்குச் சித்தப்பா முறை. 2012 கடைசியில் படகில் வந்தவன். பதின்மூன்று வருஷமாக பிரிட்ஜிங் விசா. வேலை செய்கிறான், வரி கட்டுகிறான், எங்கள் வீட்டுப் பின்வளவில் மரவள்ளி நட்டுத் தந்தவனும் அவன்தான். ஆனால் அவனுடைய விசாவில் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாது. கலியாணத்துக்குப் போகமுடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். படங்களையாவது பார்க்கட்டும் என்றுதான் சேர்த்தாள்.

இரண்டாம் கிழமை ஒருவர் எழுதினார்: "வராத ஆக்களைக் குறூப்பில போட்டு ஏன் குழப்புறீங்கள்? அவரும் எல்லாரையும் போல வரிசையில வந்திருந்தா இப்ப எங்களோட வந்திருப்பார்தானே." மூன்று பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள். அடுத்த நாள் காலை தம்பி தானாகவே குழுவிலிருந்து விலகியிருந்தான்.

வரிசை. இந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. கிளென் வேவர்லியிலும் அதன் சுற்றுவட்டத்திலும் நடக்கிற பிறந்தநாள் விழாக்களில், நாட்டிய அரங்கேற்றங்களின் இடைவேளையில், கோயில் மண்டபத்துச் சாப்பாட்டு மேசையில் நான் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நாங்கள் படித்து, புள்ளி எண்ணி, படிவம் நிரப்பி வந்தவர்கள். அவர்கள் "போட்டில வந்தவை". நானும் புள்ளி எண்ணி வந்தவன்தான், 1996இல். எனக்குப் புள்ளி கிடைத்தது பல்கலைக்கழகப் பட்டம் இருந்ததால், பட்டம் இருந்தது கொழும்பில் ஒரு மாமா வீட்டில் தங்கிப் படிக்க முடிந்ததால். வன்னியில் ஒரு கூரைக்கொட்டிலில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவனுக்கு எந்தத் தூதரகத்தின் எந்த வாசலில் வரிசை நின்றது என்று யாராவது காட்டினால் நல்லது. அகதிகள் முகாம்களிலிருந்து ஐ.நா. மூலமாக வேறு நாடொன்றில் குடியேற்றப்படுகிறவர்கள் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அதற்கு வரிசை என்று பெயர் வைப்பது லொத்தருக்கு வரிசை என்று பெயர் வைப்பது போலத்தான்.

ஆனால் நான் அவுஸ்திரேலியாவை விட்டு நயாகராவுக்கே திரும்புகிறேன். ஏனென்றால் வரிசை என்ற கதை அந்த ஆற்றங்கரையில்தான் மிக அழகாக உடைகிறது.

நயாகரா ஆறு ஈரி ஏரியிலிருந்து ஒன்ராறியோ ஏரிக்கு ஓடுகிறது. அறுபது கிலோமீற்றர்கூட இல்லை. அதன் நீளம் முழுவதும் எல்லை. அருவிக்குத் தெற்கே, ஆறு தொடங்குகிற இடத்தில், ஒரு கரையில் அமெரிக்காவின் பஃபலோ நகரம், மறுகரையில் கனடாவின் போர்ட் ஈரி. இரண்டையும் இணைப்பது 1927இல் திறந்த சமாதானப் பாலம். இரண்டு நாடுகளுக்குமிடையில் நூறு வருஷம் சண்டை நடக்கவில்லை என்பதைக் கொண்டாட வைத்த பெயர். அந்தப் பாலத்திலிருந்து அருவிக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கனடாவுக்கு வந்த தமிழர் எல்லோரும் ரொறன்ரோ விமான நிலையத்தில் இறங்கியவர்கள் என்று கனடாவில் பிறந்த பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பலர் அமெரிக்கா வழியாக வந்தவர்கள். நியூயோர்க்கில் இறங்கி, பேருந்தில் பஃபலோவுக்கு வந்து, சமாதானப் பாலத்தின் அந்தப் பக்கம் போய், "நான் அகதி" என்ற இரண்டு சொல்லைச் சொன்னவர்கள். 1985 ஏப்ரலில் கனடாவின் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்பளித்து, அகதிக் கோரிக்கை வைப்பவரை நேரில் விசாரிக்காமல் தள்ளக்கூடாது என்று சொன்ன பிறகு அந்த இரண்டு சொல்லுக்கு ஒரு பெறுமதி வந்தது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தபோது மீன்பிடிக்காரர் ஒருவர்தான் அவர்களைக் காப்பாற்றினார். அவர்களையும் அன்று வரிசை தாண்டியவர்கள் என்றுதான் திட்டினார்கள். அடுத்த வருஷம், 1987 பெப்ரவரி 20ஆம் திகதி, கனடா கதவை ஒருக்களித்தது: அமெரிக்க எல்லையால் வருபவர்கள் விசாரணை நாள் வரும்வரை அமெரிக்காவிலேயே போய்க் காத்திருக்கவேண்டும். ஒரே இரவில் பஃபலோ போன்ற ஊர்கள் காத்திருப்பவர்களால் நிரம்பின. கன்னியாஸ்திரிகள் 1984இல் தொடங்கிய விவே என்ற புகலிடம் அங்கே அவர்களுக்குப் பாயும் சூப்பும் கொடுத்தது.

கலியாணப் பெண்ணின் தகப்பன், என் பெரிய மச்சான், 1987 ஏப்ரலில் அந்தப் பாயில் படுத்தவர். மூன்று கிழமை. ஊரில் காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்த காசு நியூயோர்க்கோடு முடிந்துவிட்டது. பனி கரைந்து சேறாகிற காலம், காலில் சப்பாத்து இல்லை, யாரோ கொடுத்த பெண்பிள்ளைகளின் குளிர்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். பல வருஷங்களுக்கு முன் ஒரு நத்தார் இரவில், இரண்டாவது கிளாசுக்குப் பிறகு, என்னிடம் மட்டும் சொன்னார். நான் கேட்டேன், "அப்ப நயாகரா பக்கத்தில எல்லோ, போய்ப் பாக்கேல்லையோ?" அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "பக்கத்தில அருவி இருக்கெண்டே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தப் பாலம்தான்." இப்போது வருகிறவர்களையெல்லாம் அருவிக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர்தான். முப்பது தடவைக்கு மேல் போயிருப்பார். பிள்ளைகளை ஒரு தடவையும் பாலத்தடிக்குக் கூட்டிப்போகவில்லை. அந்தக் குழுவில் காட்டப்பட்ட மூன்று கட்டைவிரல்களில் ஒன்று அவருடையது.

இதை எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எழுதும், ஆனா பேரைப் போடாதையும்" என்றார்.

அருவியைப் பார்க்காமல் ஆற்றைக் கடந்தவர் அவர் முதல் ஆளும் அல்ல. 1856இல் மேரிலாந்தின் அடிமைப் பண்ணையிலிருந்து ஜோ பெய்லி என்றொருவர் தப்பி ஓடினார். பிடித்துத் தருபவருக்கு 1500 டொலர் என்று விளம்பரம். கூட்டிக்கொண்டு வந்தவர் ஹரியட் டப்மன், தானும் தப்பி வந்து, பிறகு மறுபடி மறுபடி திரும்பிப்போய் மற்றவர்களைக் கூட்டி வந்தவர். அருவிக்குக் கீழே ஆற்றின்மேல் அப்போது புதிதாகக் கட்டியிருந்த தொங்குபாலத்தில் ரயில் ஏறியது. எல்லோரும் யன்னலால் அருவியைப் பார்க்கிறார்கள், அவர் மட்டும் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு குனிந்தே இருந்தாராம். டப்மன் கூப்பிட்டுக் காட்டியும் நிமிரவில்லை. ரயில் பாலத்தின் மறுகரைக்கு வந்து, இனி நீ சுதந்திரமானவன் என்று அவர் பிடித்து உலுக்கிய பிறகுதான் நிமிர்ந்து பாடத் தொடங்கினாராம். டப்மனின் வரலாற்றை 1869இல் எழுதிய சேரா பிராட்ஃபோர்ட் இதைச் சொல்கிறார்.

பெய்லி அப்போது நின்ற நியூயோர்க் மாநிலத்தில் அடிமைமுறை இருக்கவில்லை. சட்டப்படி அது சுதந்திர மண். ஆனால் 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம் அந்த மண்ணிலிருந்தும் பிடித்துக்கொண்டு போக இடம் கொடுத்தது. பாதுகாப்பான நாடு என்று கடதாசியில் இருப்பது ஒன்று, அங்கே நின்று நித்திரை கொள்ள முடிவது வேறொன்று. இதே ஆற்றில் 148 வருஷம் கழித்து அதே கதையை வேறு பெயரில் கொண்டுவந்தார்கள்: பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒப்பந்தம், 2004 டிசெம்பர் 29 முதல் நடைமுறை. அமெரிக்கா பாதுகாப்பான நாடு, ஆகவே அங்கிருந்து தரைவழி எல்லைச் சாவடிக்கு வந்து கனடாவில் அகதி என்று சொல்லமுடியாது, போய் அமெரிக்காவிலேயே கேள். பெரிய மச்சான் பதினெட்டு வருஷம் பிந்தி வந்திருந்தால் அந்தப் பாலத்திலிருந்து திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அதிலும் ஒரு விலக்கு இருந்தது, இருக்கிறது. கனடாவில் உறவினர் இருந்தால் விடுவார்கள். தாய் தகப்பன், பிள்ளை, கூடப்பிறந்தவர், பேரன் பேத்தி, மாமா மாமி, சித்தப்பா சின்னம்மா, பெறாமக்கள் எல்லாம் கணக்கில் வரும். ஒன்றுவிட்ட சகோதரம் வராது. சின்னம்மாவின் மகனைத் தம்பி என்று மட்டுமே கூப்பிடத் தெரிந்த ஒரு சமூகத்துக்கு, அந்தத் தம்பி தம்பியல்ல என்று ஓர் எல்லைச் சாவடி முறை பிரித்துச் சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு எங்கள் உறவுமுறை தெரியாது, மன்னிக்கலாம். எங்கள் வட்ஸ்அப் குழுவும் அதே இடத்தில் கோடு கீறியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கதை அதோடு முடியவில்லை. 2020இல் கனடாவின் கூட்டரசு நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2023 யூனில் உச்ச நீதிமன்றம் வழக்கின் முக்கிய பகுதியில் அரசின் பக்கம் நின்றது, சமத்துவம் பற்றிய கேள்வியைக் கீழே திருப்பி அனுப்பியது. அதற்குள், 2023 மார்ச் 25 முதல், ஒப்பந்தத்தைச் சாவடிகளிலிருந்து முழுத் தரை எல்லைக்கும் உள்நாட்டு நீர்வழிகளுக்கும் விரித்துவிட்டார்கள். சாவடியைத் தவிர்த்துக் கடந்தாலும் பதினான்கு நாளுக்குள் அகதி என்று சொன்னால் திருப்பி அனுப்பலாம்.

இனி எதிர்வாதங்கள். குழுவிலும் தொலைபேசியிலும் எனக்குக் கிடைத்தவற்றையே சொல்கிறேன்.

"ஒருநாள் சந்தோஷமாப் போய் வருவம் எண்டா அதிலயும் அரசியலோ? அது இயற்கை." நல்லது. அந்த இயற்கையைப் பற்றி ஒரு விஷயம். 1950இல் அமெரிக்காவும் கனடாவும் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஏப்ரல் முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை காலை 8 மணியிலிருந்து இரவு 10 மணிவரை அருவியில் ஒரு செக்கனுக்கு 100,000 கன அடிக்குக் குறையாமல் தண்ணீர் விழவேண்டும். ஒக்டோபர் முடியுமட்டும் இரவு 8 மணிவரை. மற்ற நேரமெல்லாம் அதில் பாதி போதும், மிச்சம் மின்சாரத்துக்கு. அதாவது நாங்கள் வானை நிறுத்தி, இடியப்பப் பொதியைப் பிரித்து, வாயைப் பிளந்து பார்ப்பது சுற்றுலாக்காரருக்காக இரண்டு அரசுகள் கையெழுத்திட்டுத் திறந்துவிட்ட தண்ணீரை. 1969இல் அமெரிக்க அருவியை மாதக்கணக்கில் முழுதாகவே நிறுத்தி, பாறையைக் காயவைத்து ஆராய்ந்தார்கள். அரசியல் கலக்காத ஒரு வாளித் தண்ணீர் வேண்டுமென்றால் நயாகரா அதற்கான இடமல்ல.

"கடத்தல்காரருக்குக் காசு கொடுத்து வந்தவை." ஆம். பெரிய மச்சானும் கொடுத்தார். கிளாலிக் கடல்நீரேரியை இருட்டில் கடந்த காலத்தில் வள்ளக்காரருக்கும் கொடுத்தோம். அதற்கு முன் எங்களுடைய ஆட்களிடமே பாஸ் எடுத்தோம், பிணைக்கு ஆள் நிறுத்தினோம். வெளியே போகிற வழியெல்லாம் யாரோ ஒருவன் சுங்கம் வாங்கிக்கொண்டுதான் நின்றான். சுங்கம் கொடுத்தவனைக் குற்றவாளியாக்கினால் இந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் பாதிப்பேர் உள்ளே போகவேண்டும்.

"படகை நிறுத்தாட்டிச் சனம் கடலில சாகும்." இது லேசாகத் தள்ளக்கூடிய வாதமல்ல. கடலில் செத்தவர்கள் உண்டு, எங்கள் பிள்ளைகளும் உண்டு. ஆனால் தம்பி சாகவில்லை. வந்து சேர்ந்துவிட்டான். டன்டினோங்கில் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறவனுக்குப் பதின்மூன்று வருஷம் விசா கொடுக்காமல் வைத்திருப்பதால் எந்தக் கடலில் எந்த உயிர் காப்பாற்றப்படுகிறது?

அவுஸ்திரேலியாவில் இது எப்படி நடந்தது என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2012 ஓகஸ்டுக்குப் பின் படகில் வந்தவர்களை ஒரு தனிக் கூட்டமாக ஒதுக்கி, 2014 டிசெம்பரில் அவர்களுக்கென்று துரித நடைமுறை என்ற ஒன்றை உருவாக்கினார்கள். மறுத்தால் முழுமையான மேன்முறையீடு இல்லை, கடதாசியைப் பார்த்து ஒருவர் முடிவுசெய்வார். 2023 பெப்ரவரியில் இன்றைய அரசு, தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்த ஏறக்குறைய 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழிவிட்டது. நல்ல காரியம். ஆனால் துரித நடைமுறையில் மறுக்கப்பட்டவர்கள் அதற்குள் வரவில்லை. தம்பி அந்தப் பக்கம். 2024 ஒக்டோபரில் அந்த மறுபரிசீலனை அமைப்பையே இல்லாமல் செய்தார்கள், நியாயமற்றது என்று சொல்லித்தான். நியாயமற்ற அமைப்பு போய்விட்டது, அது எழுதிய தீர்ப்பு மட்டும் தம்பியின் கோவையில் பத்திரமாக இருக்கிறது.

2023இல் பலராட்டிலிருந்து ஒரு தமிழ்த் தகப்பன் சிட்னி வரைக்கும் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றர் நடந்தார். அவர் குடும்பத்துக்கு விசா கிடைத்தது. அதே வருஷம் 22 பெண்கள், தமிழரும் ஈரானியரும், மெல்பேர்ணிலிருந்து கன்பராவுக்கு 640 கிலோமீற்றர் நடந்தார்கள். 2024இல் டொக்லண்ட்ஸில் உள்துறை அலுவலகத்தின் முன் குளிரில் மாதக்கணக்காகக் கூடாரம் அடித்து இருந்தார்கள். அந்த ஓகஸ்டில், பிள்ளையாகப் படகில் வந்து இங்கேயே வளர்ந்த ஒரு தமிழ் இளைஞன், இருபத்துமூன்று வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவனுடைய அஞ்சலிக்கு வந்தவர்களை நான் எண்ணவில்லை. வராதவர்களைத்தான் தேடினேன். கிளென் வேவர்லியிலிருந்து அரைமணி நேர ஓட்டம், வாகனத் தரிப்பிடமும் இருந்தது.

நான் நயாகராவைப் பகிஷ்கரிக்கச் சொல்லவில்லை. அருவி என்ன பாவம் செய்தது? நானும் போகிறேன், சிவப்பு மழையங்கியும் போடுவேன். நீல மழையங்கிக்கு 40 டொலர் கட்ட எனக்கு விருப்பமில்லை, கட்டுகிறவர்கள் கட்டட்டும். நான் கேட்பது பயணத் திட்டத்தில் ஒரு மாற்றம். முதலில் அருவி வேண்டாம், முதலில் போர்ட் ஈரி. பாலத்தடியில் மேதர் வளைவு என்று ஒரு கல் தோரணமும் புல்வெளியும் இருக்கின்றன. அங்கே நின்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பஃபலோ கூப்பிடு தூரத்தில் தெரியும். பிள்ளைகள் அந்தப் புல்லில் இருந்து கட்டுச்சோறு சாப்பிடட்டும், தகப்பன் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு வந்தார் என்று கையை நீட்டிக் காட்டட்டும். பிறகு ஆற்றோரத் தெருவால் வடக்கே அருவிக்குப் போகலாம். திரும்பி வரும்போது வழியில் சென் கதரின்ஸ். அங்கே 1855இல் கட்டிய சேலம் தேவாலயம் இன்னும் நிற்கிறது, ஹரியட் டப்மன் தொழுத இடம். பதினைந்து நிமிஷம் போதும்.

இந்தச் சஞ்சிகையின் ஆசிரியருக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த நயாகராக் கட்டுரை வரும்போது, எழுதியவரிடம் அவர் குடும்பத்தில் யார் எந்தப் பாலத்தால், எந்த வருஷம், யாருடைய சப்பாத்தோடு வந்தார் என்று ஒரு வரி கேளுங்கள். பஃபலோவில் பாய்விரித்துப் படுத்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல வெட்கம். அருவியைப் பற்றி வேண்டிய அளவு எழுதியாயிற்று.

மனைவி தம்பியைக் குழுவில் மறுபடி சேர்த்திருக்கிறாள், தலைமைச் செயலாளரின் அதிகாரத்தில். அவன் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. அவனுடைய வேலை இடைவேளை இரவு 12.30க்கு. யூலையில் போர்ட் ஈரியில் அப்போது காலை 10.30. அந்த நேரத்துக்குப் பாலத்தடியில் நின்று அவனுக்கு அழைப்பெடுக்க வேண்டுமென்றால் ஸ்காபரோவிலிருந்து எட்டு மணிக்கு முன் வெளிக்கிடவேண்டும் என்று போன கிழமை குழுவில் போட்டேன். ஏழரைக்கு வாசலில் வான் நிற்கும் என்று பெரிய மச்சான் பதில் போட்டிருக்கிறார்.